வகுத்தால் தடை, பெருக்கினால் திறன்

குளியலறைக் கீசரின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், அதன் மூன்று முனைகளுள் ஒன்று மட்டும் கறுத்துப் பொரிந்திருப்பதைப் பல வீடுகளில் காணலாம். சாக்கெட்டிலும் அந்த ஒரு துளையைச் சுற்றி மட்டும் நெகிழி இளகிப் பழுப்பேறியிருக்கும். கீசருக்கு ஒன்றும் நேரவில்லை; வெந்நீர் வழக்கம்போல வந்தது. ஃபியூஸ் போகவில்லை. எம்.சி.பி. எனப்படும் தானியங்கித் துண்டிப்பானும் விழவில்லை. வீட்டைக் காப்பதற்கென்று வைத்த கருவிகள் யாவும் அமைதியாக இருக்க, சுவரோரத்தில் நெருப்புக்குரிய வெப்பம் எவ்வாறு பிறந்தது?

இவ்வினாவுக்குரிய விடை இரண்டே எண்களில் அடங்கியுள்ளது. ஒன்று மின்னழுத்தம், மற்றொன்று மின்னோட்டம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். ஐந்தாம் வகுப்பு மாணவரும் செய்யக்கூடிய கணக்கு இது. ஆயினும் எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளந்த மின்னழுத்தம் என்பதைக் கேட்காமல் வகுப்பவரும் பெருக்குபவரும் தவறான விடைக்கே சென்று சேர்வர். கறுத்துப்போன பிளக் முனை அத்தவற்றின் சான்று.

சொல்லும் பொருளும்

‘மின்’ என்னும் சொல் பழந்தமிழில் மின்னலைக் குறித்தது. இன்று அதே சொல்லை முன்னொட்டாகக் கொண்டு நூற்றுக்கணக்கான கலைச்சொற்கள் வழங்குகின்றன. அவற்றுள் ‘மின்தடை’ என்பது இருவகைப் பொருளுடையது. பராமரிப்புப் பணிக்காக நாளை மின்தடை என்று நாளிதழில் செய்தி வந்தால், மின்சாரம் நிறுத்தப்படும் என்று பொருள். இயற்பியலில் மின்தடை என்பது நிறுத்தம் அன்று, இடர்ப்பாடு. மின்னோட்டம் செல்கிறது, ஆனால் தடையின்றிச் செல்லவில்லை என்பதையே அச்சொல் உணர்த்துகிறது. மின்தடை மிகக் குறைந்தால்தான் ஆபத்து என்று ஆசிரியர் வகுப்பில் கூறும்போது மாணவர் சிலர் திகைப்பதற்கு இவ்விருபொருளே காரணம்.

மின்னழுத்தத்தை மொட்டைமாடித் தொட்டியின் உயரத்தோடு ஒப்பிடுவது வழக்கம். தொட்டி உயர உயரக் கீழே குழாயில் நீரின் விசை மிகும். ஒரு நொடியில் குழாய் வழியே பாயும் நீரின் அளவு மின்னோட்டத்தைப் போன்றது. குழாயின் குறுக்கமும் நீளமும் துருவும் மின்தடையைப் போன்றவை. இவ்வுவமை ஓரெல்லை வரையில்தான் துணை நிற்கும். அறுந்த குழாயிலிருந்து நீர் கொட்டும். அறுந்த கம்பியிலிருந்து மின்சாரம் கொட்டுவதில்லை.

உவமையைவிட அலகுகளே தெளிவு தருவன. ஒரு நொடியில் ஒரு கூலூம் மின்னூட்டம் கடந்து சென்றால் அது ஓர் ஆம்பியர். ஒரு கூலூம் மின்னூட்டம் இரு புள்ளிகளுக்கு இடையே செல்லும்போது ஒரு ஜூல் ஆற்றலைக் கொடுத்தால், அப்புள்ளிகளுக்கு இடையேயான மின்னழுத்த வேறுபாடு ஒரு வோல்ட். ஒவ்வொரு கூலூமும் எத்தனை ஜூல் தருகிறது என்பதை வோல்ட் சொல்கிறது. ஒவ்வொரு நொடியிலும் எத்தனை கூலூம் செல்கிறது என்பதை ஆம்பியர் சொல்கிறது. இரண்டையும் பெருக்கினால் கூலூம் விலகி, ஒரு நொடிக்கு எத்தனை ஜூல் என்பது எஞ்சும். அதுவே வாட். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் திறன் வருவது மனப்பாடம் செய்யவேண்டிய விதியன்று. அச்சொற்களின் பொருளிலேயே அது பொதிந்துள்ளது.

வகுத்தலின் கதை வேறு. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் ஏதோ ஓர் எண் கிடைக்கும் என்பதில் வியப்பில்லை. அந்த எண், அழுத்தம் மாறினாலும் தான் மாறாமல் நிற்கும் என்பதே வியப்பு. அதனைச் சொற்பொருளால் நிறுவ இயலாது. ஒருவர் அளந்து பார்த்தே கண்டறிய வேண்டியிருந்தது.

பூட்டுத் தொழிலாளியின் மகன்

கியோர்க் சைமன் ஓம் 1789இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை பூட்டுத் தொழிலாளி. பள்ளிப்படிப்பு அதிகமின்றித் தாமே நூல்களைக் கற்றுத் தேர்ந்து மக்களுக்கும் கணிதம் கற்பித்தவர். உலோகத்தோடு பழகும் கைத்திறனும் கணக்கும் ஓமுக்கு ஒரே வீட்டில் வாய்த்தன. 1817இல் கொலோன் நகரத்துப் பள்ளி ஒன்றில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் ஆசிரியரானார். பள்ளி ஆய்வகமே அவருடைய ஆராய்ச்சிக்கூடம்.

அக்காலத்தில் மின்னோட்டத்துக்கு வோல்டாவின் மின்கல அடுக்கே ஆதாரம். இணைத்தவுடன் விசையோடு புறப்படும் மின்னோட்டம் சிறிது நேரத்தில் தளர்ந்துவிடும். அளவு எடுப்பதற்குள் அளக்கப்படும் பொருளே மாறிவிட்டால் என்ன செய்வது? 1825இல் ஓம் வெளியிட்ட முதல் கட்டுரையில் தரப்பட்ட சமன்பாடு பிழையானது. அவருடைய உழைப்பு குறைவன்று. மின்மூலம் நிலையாக நிற்கவில்லை. ஆய்விதழின் ஆசிரியராகிய போகண்டார்ஃப், வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தினார். பிஸ்மத்தும் தாமிரமும் இணையும் ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றொரு சந்தியை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தால், அவற்றிடையே மிகச்சிறிய, ஆனால் அசையாத மின்னழுத்தம் தோன்றும். நீர் கொதிக்கும் வெப்பநிலையும் பனி உருகும் வெப்பநிலையும் மாறாதவை. எனவே மின்னழுத்தமும் மாறாது.

தடிமன் ஒன்றாகவும் நீளம் வெவ்வேறாகவும் உள்ள தாமிரக் கம்பிகளை ஓம் ஒவ்வொன்றாக இணைத்தார். காந்த ஊசி எவ்வளவு விலகுகிறது என்பதைக் கொண்டு மின்னோட்டத்தை அளந்தார். 1826இல் கிடைத்த முடிவு தெளிவாக இருந்தது. நீளம் கூடக் கூட மின்னோட்டம் ஓர் ஒழுங்கோடு குறைந்தது. மூலத்தின் அழுத்தம் கூடினால் அதே விகிதத்தில் மின்னோட்டமும் கூடியது. 1827இல் இதனை நூலாக வெளியிட்டார். எதிர்பார்த்த வரவேற்பு கிட்டவில்லை. ஓம் கொலோன் பள்ளிப் பணியைத் துறந்தார். 1833இல் நியூரம்பர்க் தொழில்நுட்பப் பள்ளியில் இடம் கிடைக்கும்வரை அவருக்கு நிலையான பதவி இல்லை. 1841இல் இலண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் வழங்கியது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் என்னும் பதவி 1852இல் வந்தது. 1854இல் அவர் மறைந்தார். 1881இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு மின்தடையின் அலகுக்கு ஓம் என்று பெயரிட்டது.

ஓமுக்கு முன்பே இவ்வுறவை உணர்ந்தவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் 1781இல் உப்புக்கரைசல் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள் வழியே லெய்டன் சாடியின் மின்னூட்டத்தைச் செலுத்திப் பார்த்தார். மின்னோட்டத்தை அளக்க அன்று கருவி இல்லை. தம் உடலையே சுற்றில் இணைத்து, தாக்கிய அதிர்ச்சி எவ்வளவு வலியது என்பதைக் கொண்டு ஒப்பிட்டார். முடிவு சரியானதே. ஆனால் அதனை அவர் வெளியிடவில்லை; ஏறத்தாழ நூறாண்டு கழித்து 1879இல் மாக்ஸ்வெல் அக்குறிப்புகளைப் பதிப்பித்தபோதே உலகம் அறிந்தது.

ஆய்வக மேசையில்

நைக்ரோம் கம்பித்துண்டு ஒன்றை மின்கலத்தோடு இணைத்து, அம்மீட்டரைத் தொடரிணைப்பிலும் வோல்ட்மீட்டரைக் கம்பியின் இரு முனைகளுக்குப் பக்க இணைப்பிலும் அமைப்பது பள்ளி ஆய்வகத்தில் வழக்கமான சோதனை. வோல்ட்மீட்டர் 1 வோல்ட் காட்டும்போது அம்மீட்டர் 0.2 ஆம்பியர் காட்டுவதாகக் கொள்வோம். 2 வோல்ட்டில் 0.4 ஆம்பியர், 3 வோல்ட்டில் 0.6 ஆம்பியர். மூன்று முறையும் வகுத்தால் விடை 5 ஓம். பெருக்கினாலோ 0.2 வாட், 0.8 வாட், 1.8 வாட் என்று விடைகள் ஏறுகின்றன. அழுத்தம் மூன்று மடங்கானபோது திறன் ஒன்பது மடங்காயிற்று. தடையோ இருந்த இடத்திலேயே நின்றது.

வகுத்து வந்த எண் அக்கம்பி எத்தகையது என்பதைச் சொல்கிறது. பெருக்கி வந்த எண் அக்கம்பி அந்த நொடியில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைச் சொல்கிறது. மின்கலத்தைக் கழற்றிவிட்டாலும் கம்பியின் 5 ஓம் அதனிடமே இருக்கும், 1.8 வாட் மறைந்துவிடும். ஆகவே ‘இக்கம்பியின் திறன் எவ்வளவு’ என்று தனியே கேட்பது முழுமையான வினாவன்று. எத்தனை வோல்ட்டில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மின்கருவிகளின் அடிப்பகுதியில் வாட் அளவோடு 230 வோல்ட் என்பதையும் அச்சிடுவது இதனால்தான்.

அந்த அச்செழுத்தைக் கொண்டே பின்னோக்கிக் கணக்கிடலாம். 750 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் எடுக்கும் மின்னோட்டம், 750ஐ 230ஆல் வகுக்கக் கிடைக்கும் 3.26 ஆம்பியர். அதன் தடை 230ஐ 3.26ஆல் வகுக்கக் கிடைக்கும் ஏறத்தாழ 70.5 ஓம். 2000 வாட் கீசருக்கு இவ்வாறே கணக்கிட்டால் 8.7 ஆம்பியரும் 26.45 ஓமும் வரும். அக்கீசர் அரைமணி நேரம் ஓடினால் ஒரு கிலோவாட் மணி, அதாவது மின்கட்டண அட்டையில் ஒரு யூனிட். கோடையில் அழுத்தம் குறைந்து வீட்டுக்கு 180 வோல்ட் மட்டுமே வருமானால் அதே கீசரின் திறன் 1,225 வாட்டாகச் சுருங்கும். அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைய, திறன் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடுகிறது. அழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் சேர்ந்து குறைவதே காரணம்.

எல்லாப் பொருளும் நைக்ரோமைப் போல அடங்கி நடப்பதில்லை. 60 வாட் குண்டு விளக்கு எரியும்போது அதன் டங்ஸ்டன் இழையின் தடை கணக்கின்படி 882 ஓம். அணைந்து குளிர்ந்த விளக்கை மல்டிமீட்டரால் அளந்தால் அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான் காட்டும். கருவி பழுதன்று, சுடேறும்போது டங்ஸ்டனின் தடை பெருகுகிறது. சுவிட்சு போட்ட கணத்தில் மின்னோட்டம் பல மடங்கு பாய்வதும், பழைய விளக்குகள் பெரும்பாலும் அந்தக் கணத்திலேயே இழை அறுந்து போவதும் இதன் விளைவு. எல்.இ.டி. விளக்குக்கு ஓம் விதி நேரடியாகப் பொருந்தாது. மின்விசிறியிலும் மோட்டாரிலும் மாறுதிசை மின்னோட்டம் அழுத்தத்தோடு ஒத்த நேரத்தில் ஏறி இறங்காமையால் வோல்ட்டையும் ஆம்பியரையும் வெறுமனே பெருக்கினால் உண்மைத் திறனைவிட மிகுதியான எண் வரும். திறன் காரணி என்னும் மற்றோர் எண்ணாலும் பெருக்கவேண்டும். இங்குக் கூறப்படும் கணக்குகள் கம்பிச்சுருளால் வெப்பம் தரும் கருவிகளுக்கு உரியவை.

தடை கூடினால் வெப்பம் கூடுமா, குறையுமா?

இங்கிலாந்தில் மதுவடிக்கும் தொழில்செய்த குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், கம்பிச்சுருளை நீரில் அமிழ்த்தி வெப்பமானியால் அளந்து, வெளிப்படும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியையும் தடையையும் பெருக்கிய அளவுக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்று 1841இல் வெளியிட்டார். ஓம் விதியையும் திறன் விதியையும் இணைத்தாலும் இதே முடிவு வரும். மின்னழுத்தத்துக்குப் பதிலாக மின்னோட்டம் பெருக்கல் தடை என்று எழுதினால் போதும். மின்னோட்டத்துக்குப் பதிலாக அழுத்தம் வகுத்தல் தடை என்று எழுதினால் மற்றொரு வடிவம் கிடைக்கும்: அழுத்தத்தின் இருமடியைத் தடையால் வகுத்தால் திறன்.

மாணவர் பலர் தடுமாறும் இடம் இதுதான். முதல் வடிவத்தில் தடை மேலே நிற்கிறது. தடை கூடினால் வெப்பம் கூடவேண்டும். இரண்டாம் வடிவத்தில் தடை கீழே நிற்கிறது. தடை கூடினால் வெப்பம் குறையவேண்டும். இரண்டும் எங்ஙனம் உண்மையாகும்?

எது மாறாமல் நிற்கிறது என்று பார்த்தால் முடிச்சு அவிழும். வீட்டில் எல்லாக் கருவிகளும் பக்க இணைப்பில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 230 வோல்ட் கிடைக்கிறது. அழுத்தம் ஒன்றேயாதலால் தடை குறைந்த கருவியே மிகுந்த வெப்பம் தரும். 100 வாட் விளக்கின் தடை 529 ஓம்; 60 வாட் விளக்கின் தடை அதனினும் மிகுதி. அவ்விரு விளக்குகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் இணைத்தால் நிலைமை தலைகீழாகும். இப்போது ஒன்றாக இருப்பது மின்னோட்டம். தடை மிகுந்த 60 வாட் விளக்கே பளிச்சென்று எரியும்; 100 வாட் விளக்கு மங்கிச் சிவக்கும். தடை மாறாது என்று கொண்டு கணக்கிட்டால் முன்னதற்கு ஏறத்தாழ 23 வாட்டும் பின்னதற்கு 14 வாட்டும் கிடைக்கும். இழை முழுச் சூட்டை எட்டாமையால் எண்கள் சற்று மாறலாம். எது பளிச்சென்று எரியும் என்பது மாறாது.

கறுத்த முனையின் கணக்கு

இனிக் கீசரின் பிளக்குக்குத் திரும்பலாம். சாக்கெட்டின் உள்ளே வில்போல் அழுத்திப் பிடிக்கும் பித்தளைத் தகடு தளர்ந்துவிட்டது என்று கொள்வோம். முனை தகட்டை முழுமையாகத் தொடாமல் ஓரிரு புள்ளிகளில் மட்டுமே தொடுகிறது. அவ்விடத்தில் அரை ஓம் அளவு தடை தோன்றுகிறது. இவ்வரை ஓம் கீசரோடு தொடரிணைப்பில் உள்ளது என்பதை மறவாதிருக்க வேண்டும்.

மொத்தத் தடை 26.45உம் 0.5உம் சேர்ந்து 26.95 ஓம். 230ஐ இதனால் வகுத்தால் மின்னோட்டம் 8.53 ஆம்பியர். தளர்ந்த இணைப்பின் இருபுறமும் உள்ள மின்னழுத்த வேறுபாடு, 8.53ஐ 0.5ஆல் பெருக்க வரும் 4.27 வோல்ட் மட்டுமே. சிறு பொம்மைக்குப் போதுமான அழுத்தம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் பெருக்கிப் பார்க்கவேண்டும்: 4.27 வோல்ட், 8.53 ஆம்பியர், ஆக 36.4 வாட். ஈயப்பற்று வைக்கப் பயன்படும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட் அளவினது. அதனினும் மிகுந்த வெப்பம், கடுகளவு தொடுபுள்ளியில், நெகிழிக் கூட்டுக்குள், கீசர் ஓடும் நேரமெல்லாம் எரிந்துகொண்டிருக்கிறது.

காவற்கருவிகள் ஏன் அசையவில்லை? ஃபியூஸும் எம்.சி.பி.யும் மின்னோட்டம் அளவுக்கு மீறினால் மட்டுமே துண்டிப்பவை. இங்கு மின்னோட்டம் மீறவில்லை; 8.7இலிருந்து 8.53ஆகக் குறைந்திருக்கிறது. 16 ஆம்பியருக்கு அமைத்த துண்டிப்பானின் பார்வையில் இது முன்பைவிடச் சற்றே நல்ல நிலைமை. கீசருக்குக் கிடைப்பது 2000 வாட்டுக்குப் பதிலாக 1,926 வாட். வெந்நீர் வர ஒரு நிமிடம் தாமதமானதை யாரும் கவனிப்பதில்லை.

அதோடு முடிவதில்லை. வெப்பத்தால் பித்தளையின் வில்தன்மை மேலும் தளரும், தொடுபரப்பில் ஆக்சைடு படியும், தடை கூடும். அரை ஓம் ஒரு ஓமாகும்போது மின்னோட்டம் 8.38 ஆம்பியராக மேலும் குறைய, அவ்விடத்து வெப்பம் 70 வாட்டாக ஏறுகிறது. நோய் முற்ற முற்ற மின்னோட்டம் தணிந்துகொண்டே போவதால், மின்னோட்டத்தை மட்டும் கண்காணிக்கும் கருவிக்கு இது ஒருபோதும் தெரியப்போவதில்லை.

ஒப்பீட்டுக்காக மற்றொன்றையும் பார்க்கலாம். 10 மீட்டர் நீளமுள்ள மெல்லிய நீட்டிப்புக் கம்பியின் குறுக்குப் பரப்பு அரைச் சதுர மில்லிமீட்டர் என்றால், போய்வரும் இரு தாமிர இழைகளின் தடை ஏறத்தாழ 0.7 ஓம். கீசரை அதில் இணைத்தால் கம்பியில் 50 வாட் வெப்பம் பிறக்கும். தளர்ந்த பிளக்கைவிட இது மிகுதியே. ஆனால் 10 மீட்டரில் பரவியிருப்பதால் ஒரு மீட்டருக்கு 5 வாட்தான். விரித்துப்போட்ட கம்பி வெதுவெதுப்பாக இருக்கும். அதையே இறுகச் சுருட்டி மூலையில் வைத்தால் வெப்பம் வெளியேற வழியின்றி உறை இளகத் தொடங்கும். வாட் எவ்வளவு என்பதோடு அது எவ்வளவு இடத்தில், எவ்வாறு அடைபட்டுள்ளது என்பதும் கேட்கத்தக்கது. வெப்பம் தரும் கருவிகளுக்கு இத்தகைய மெல்லிய கம்பியைப் பயன்படுத்தலாகாது.

வீட்டில் மாணவர் செய்யத்தக்கது எளிது. மிகுதிறன் கருவியைப் பயன்படுத்தியபின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கின் மேற்கூட்டைத் தொட்டால் அது சுடக்கூடாது. சுட்டால் மின்பணியாளரை அழைக்கவேண்டும். கருவி ஓடும்போதே இணைப்புகளுக்கு இடையே வோல்ட்டை அளந்து பழுதைக் காண்பது பயிற்சி பெற்ற அவரது பணி. சாக்கெட்டைத் திறப்பது மாணவர் பணியன்று.

உடலின் தடை

கேவண்டிஷ் செய்த சோதனையை எவரும் செய்து பார்க்கலாகாது என்பதற்கும் இதே வகுத்தல் போதும். மனித உடலின் தடை பெரும்பாலும் தோலைப் பொறுத்தது. உலர்ந்த தோலில் அது பல ஆயிரம் ஓம் இருக்கும். நனைந்த தோலில் ஓராயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230ஐ 1000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க 0.1 ஆம்பியரே போதுமானது. ஈரக்கையால் சுவிட்சைத் தொடாதே என்று வீட்டுப் பெரியோர் சொல்வது அச்சத்தால் எழுந்த வழக்கம் மட்டுமன்று; ஈரம் மாற்றுவது வகுக்கும் எண்ணை.

இங்கும் ஃபியூஸ் உதவாது. 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு 0.23 ஆம்பியர் ஒரு பொருட்டன்று. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று ஒப்பிட்டு, 0.03 ஆம்பியர் அளவு வேறுபாடு கண்டதும் நொடிக்கும் குறைந்த நேரத்தில் துண்டிக்கும் மின்கசிவுத் துண்டிப்பானே உயிர்காப்பது. ஆனால் தளர்ந்த பிளக்கின் வெப்பத்தை அதுவும் அறியாது. அங்குப் போன மின்னோட்டம் குறையாமல் திரும்பிவிடுகிறது.

கம்பியில் கரையும் திறன்

கீசரில் நாம் விரும்பிப் பெறும் வெப்பமே மின்பாதையில் இழப்பு. பத்து ஓம் தடையுள்ள பாதை வழியே 10 இலட்சம் வாட் திறனை ஒரு நகருக்கு அனுப்பவேண்டும் என்று கொள்வோம். 10,000 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 100 ஆம்பியர். கம்பியில் கரையும் திறன் 100இன் இருமடியைப் பத்தால் பெருக்க வரும் ஓர் இலட்சம் வாட். பத்தில் ஒரு பங்கு வழியிலேயே போய்விட்டது. 1,00,000 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 10 ஆம்பியர். இழப்பு 1,000 வாட். அழுத்தத்தைப் பத்து மடங்காக்கியதும் இழப்பு நூறில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

இவ்விடத்தில் மாணவர் ஒருவர் அழுத்தத்தின் இருமடியைத் தடையால் வகுத்து இழப்பைக் காண முயன்றால், 1,00,000 வோல்ட்டின் இருமடியைப் பத்தால் வகுத்து நூறு கோடி வாட் இழப்பு என்னும் பொருந்தா விடையைப் பெறுவார். அனுப்பும் திறனே அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். பிழை எங்கே? 1,00,000 வோல்ட் என்பது இரு கம்பிகளுக்கு இடையேயான அழுத்தம். பாதையின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே கம்பிவழியே குறையும் அழுத்தம் அன்று. அது 10 ஆம்பியரைப் பத்தால் பெருக்க வரும் 100 வோல்ட் மட்டுமே. அந்த 100இன் இருமடியைப் பத்தால் வகுத்தால் மீண்டும் 1,000 வாட் என்னும் சரியான விடையே வரும். பிளக்கின் கணக்கில் 230ஐ விட்டு 4.27ஐ எடுத்துக்கொண்டதும் இந்தக் காரணம்பற்றியே.

சத்தீஸ்கர் மாநிலத்தின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் தொலைவுக்கு நேர்திசை மின்பாதை ஒன்று அமைந்துள்ளது. அதன் திறன் 6,000 மெகாவாட். ஒரு கம்பித்தொகுதி நிலத்தைவிட 8 இலட்சம் வோல்ட் மேலாகவும், மற்றொன்று 8 இலட்சம் வோல்ட் கீழாகவும் இருக்குமாறு அது இயங்குகிறது. இடைப்பட்ட அழுத்தம் 16 இலட்சம் வோல்ட். அறுநூறு கோடி வாட்டை அதனால் வகுத்தால் 3,750 ஆம்பியர் வரும். ஏறத்தாழ நானூற்று முப்பது கீசர்கள் சேர்ந்து எடுக்கும் மின்னோட்டம் அது. அதே திறனை வீட்டு அழுத்தமாகிய 230 வோல்ட்டிலேயே கொண்டுவர எண்ணியிருந்தால் மின்னோட்டம் 2 கோடியே 60 இலட்சம் ஆம்பியராக இருந்திருக்கும்.